பட்டிப்பொங்கல் ராத்திரிக்கு எந்த வில்லனைக் கூப்படறது?

காங்கயம் பக்கம் அம்மிச்சி ஊட்டுல பட்டிப்பொங்கலுக்கு நாங்க அத்தனை பேரும் கூடீருவோம்ங்க. மாட்டுக்குக் கொம்பு சீவி சாயம் அடிச்சு, பட்டியில பொங்கல் வெச்சு எல்லாஞ் சரியா நடக்கும், ஆனா பொழுது போனதுக்கப்பறம் ஆளாளுக்கு ஒரு மூலையில போனைப் புடிச்சுட்டு உக்காந்துக்கறாங்கன்னு போன வருசம் மாமன் ஒரே சத்தம். சேரி, இந்த வருசம் களத்துல திரை கட்டி எல்லாரும் ஒண்ணா ஒரு படம் பாக்கறதுன்னு முடிவாச்சு. திரை என்ற பொறுப்பு. திருப்பூர்ல பவர்டேபிள், அதான் பனியன் தைக்கற யூனிட்டு, வெச்சிருக்கறவன் வேற எதுக்கு ஆவான். பனியன் துணியில சிங்கிள் ஜெர்சியா இருந்தா ஓரம் சுருட்டிக்கும், இன்டர்லாக்னா தட்டையா நிக்கும்னு ரிஜெக்ட் ஆன வெள்ளை இன்டர்லாக் ரோல்ல இருந்து மூணு பட்டை வெட்டி சேத்து ஓட்டி வெச்சாச்சு. புரொஜெக்டர் வாடகைக்குச் சொல்லியாச்சு. என்ன படம்ங்கறதுதான் ஒரு மாசமா இழுத்துட்டுக் கெடக்குது.

பசங்களுக்கு சூப்பர்ஹீரோ படந்தான் வேணுமாம். அதுலயும் ரெண்டாம் பாகந்தான் போடோணும்னு சொன்னது மாமன் பையன், கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறான். மொதப் பாகத்துல பாதி நேரம் ஹீரோவுக்கு எப்படி சக்தி வந்துச்சுங்கறதுலயே போயிரும், ரெண்டாவதுலதான் மொத சீன்ல இருந்தே சோலி ஆரம்பிக்கும், வில்லனும் உருப்படியா அமைவான்னான். அது நாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அதுக்கப்பறந்தான் ரகளையே. அவனுக்கு பேட்மேன் ரெண்டாம் பாகமான டார்க் நைட். கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கற பெரியம்மா பையன், நாங்க லேத்தண்ணன்னுதான் கூப்புடுவோம், அவருக்கு அயர்ன்மேன் 2. மாமனுக்கு ரஜினி இல்லாம நோம்பி இல்ல, அதனால 2.0. எனக்கு ஸ்பைடர்மேன் 2.

மொதல்ல நேரக்கணக்கைச் சொல்லீறனுங்க, ஏன்னா பாதி சண்டையை அதுவே தீத்துருச்சு. ராத்திரி பத்துக்கு மேல வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாது, 2000ல இருந்தே இருக்கற ரூலு, பக்கத்துத் தோட்டத்துல கைக்கொழந்தை வேற இருக்குது. ஏழரைக்கு ஆரம்பிக்கலாம்னா ஏழரைங்கற சொல்லே ஆகாதுன்னு அம்மிச்சி தடை. அப்ப ஏழு இருவது. பத்து வரைக்கும் 2 மணி 40 நிமிஷம். டார்க் நைட் 2 மணி 32 நிமிஷம், உள்ள வந்துருச்சு. அதுக்கடுத்த பாகம், பேன் வில்லனா வர்ற டார்க் நைட் ரைசஸ், 2 மணி 44 நிமிஷம், நாலே நிமிஷத்துல வெளிய போயிருச்சு. அதைப் பத்தி எனக்கு வெசனம் ஒண்ணும் இல்லீங்க. முதுகெலும்பு நகந்து கெடக்கற பேட்மேனைக் கயித்துல தொங்கவுட்டு ஒரு குத்து குத்தி நேராக்கறாங்களாம், கொஞ்ச நாள்ல அவன் கெணறு ஏறி வெளிய வர்றானாம். எங்கூர்ல எலும்பு கட்டறவங்க கூட அந்த வைத்தியத்துக்கு ஒத்துக்க மாட்டாங்க. அவன் ஏறி வர்ற எடத்துல பின்னாடி தெரியற கோட்டை நம்ம ஜோத்பூர் மெஹ்ரான்கர். பாக்கெட்டுல பைசா இல்லாம அங்கிருந்து கோத்தம் சிட்டிக்கு எப்படிப் போய்ச் சேந்தான்னு படம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. அம்மிச்சி தோட்டத்துல இருந்து கரூர் போறதுக்கே மாத்தி மாத்தி பஸ் புடிக்க வேண்டியிருக்குது. அதை வுட, பங்குச் சந்தைக்குள்ள துப்பாக்கியோட பூந்து அந்த ஆளு பேர்ல டிரேடு போட்டு அவனை ஒரே நாள்ல போண்டியாக்கறாங்க. துப்பாக்கிச் சூடு நடந்தது ஊரு பூரா டிவில ஓடுது, அந்த நேரத்து டிரேடு மட்டும் செல்லுபடியாம்! சரி, வுடுங்க.

இப்ப நாலு படம். லேத்தண்ணனுக்கு எந்தப் படம்னாலும் மொதக் கேள்வி ‘இது நடக்குமா’தான். காரு பறந்தா எடை கேப்பாரு, செவுரு ஒடைஞ்சா கம்பி போட்டாங்களான்னு கேப்பாரு. அவருகூட தியேட்டருக்குப் போறது இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற மாதிரி. எனக்கு அந்தக் கோளாறு இல்லீங்க, என்ற கோளாறு வேற. நான் எதைப் பாத்தாலும் ஷிப்ட்டுக் கணக்குதான் போடுவேன். இந்த வேலைக்கு எத்தனை ஆளு, எத்தனை ஷிப்ட்டு, சனிக்கெழமை சம்பளம் யாரு குடுக்கறது. வெலங்காத புத்தின்னு ஊட்டுக்காரி சொல்றா. ஆனா வில்லனை அளக்க இதை வுட நல்ல டேப்பு எனக்குக் கெடைக்கல.

டார்க் நைட் வில்லன் ஜோக்கர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 2008ல நோலன் எடுத்த படம். ஜோக்கரா நடிச்ச ஹீத் லெட்ஜர் அந்த வருசம் சனவரிலயே எறந்துட்டாரு, படம் அப்பறந்தான் வந்துச்சு, அடுத்த வருசம் ஆஸ்கார் குடுக்கறப்ப வாங்கறதுக்கு அவரு இல்ல. அந்த நடிப்பைக் கொறை சொல்ல எனக்கு வாயில்ல. நாக்கைச் சொழட்டறதும், நர்ஸ் வேசத்துல ஆஸ்பத்திரிய வுட்டு வெளிய வந்து ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பாக்கறதும், அப்பா! அந்தக் கட்டடம் நெசமாவே இடிச்சதுதானுங்க, சிகாகோல மூடிக் கெடந்த பழைய மிட்டாய் பேக்டரியை ஆஸ்பத்திரியாக்கி வெடி வெச்சாங்க. லாரி தலகீழாப் பல்டி அடிக்கறதும் ரோட்டுல நெசமாவே பண்ணுனது. அதனாலதான் பாக்கறப்ப வயித்துல கலக்குது.

ஆனா என்ற ஷிப்ட்டுக் கணக்குக்கு வாங்க. ரெண்டு கப்பல் நெறைய ஜனம், ரெண்டுக்கும் அடியில பேரல் பேரலா எண்ணெய், ஒரு கப்பலை வெடிக்க வெக்கற ரிமோட்டு இன்னொரு கப்பல்ல. ஒரு பேரல் 200 லிட்டரு, ரொப்புனா 180 கிலோவுக்கு மேல வரும். கப்பலுக்கு நூறுன்னே வெச்சுக்கங்க, 18 டன்னு, ரெண்டுக்கும் சேத்து 36 டன்னு, ரெண்டு டாரஸ் லாரி லோடு. அதைத் தொறமுகத்துக்குள்ள கொண்டு போயி, படி எறக்கி, ஒயரு மாட்டி, ஒரு வாட்ச்மேன் கண்ணுல கூடப் படாம வெளிய வரோணும். அதுக்கும் முன்னாடி ரெண்டு குடோன்ல ரெண்டு பேரைக் கட்டிப் போட்டு அங்கயும் பேரல். அதுக்கும் மேல ஆஸ்பத்திரி முழுக்க வெடி. எத்தனை லோடுமேனுங்க இவனுக்கு? லோடுமேன்னா பதினோரு மணிக்கு டீ, வடை, லோடு எறக்குனா கையில காசு, இல்லீன்னா லாரிக் கதவைச் சாத்தவே மாட்டாங்க. இந்த ஆளு என்னடான்னா தன்ற பங்குக் காசை மலையாட்டம் அடுக்கி வெச்சு தீ வெச்சுட்டான். சனிக்கெழமை பொழுதோட என்ன பண்ணுவான்? இதுல ‘எங்கிட்ட பிளானே இல்ல’ங்கற மாதிரி ஒரு பேச்சு வேற. படத்துலயே பிளான் எச்சா இருக்கறவன் அவன்தான். மொத சீன்ல பேங்க்கைக் கொள்ளையடிச்சுட்டு ஸ்கூல் பஸ்ஸை எடுத்து, வரிசையாப் போற மத்த பஸ்ஸுக்கு நடுவுல கரெக்ட்டாச் சொருகறான் பாருங்க, காலையில பல்லடம் ரோட்டுல கம்பெனி பஸ்ஸு போறப்ப ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லைச் சொருகிக் காட்டச் சொல்லுங்க பாப்போம்.

மாமன் பையன் இதுக்கு ஒரு பதில் சொன்னான், அதை மறைக்கறது நாயமில்ல. ‘மாமா, தீப்புடிச்ச பஞ்சு குடோனைப் பாத்து இதுக்கு எத்தனை ஷிப்ட்டுன்னு கேப்பீங்களா? அவன் ஆளே இல்ல, அது ஒரு தீ. அதனாலதான் வாய்ல இருக்கற தழும்புக்கு ரெண்டு எடத்துல ரெண்டு கதை சொல்றான், ரெண்டையும் நம்பக்கூடாது, அவனுக்கு ஊரு பேரு எதுவும் கெடையாது.’ நல்லாத்தான் சொன்னான். நானும் மொதத் தடவை பாக்கறப்ப ஷிப்ட்டு கிப்ட்டு ஒண்ணும் எண்ணலீங்க, வாயைப் பொளந்துட்டுத்தான் பாத்தேன், மூணாவது தடவைதான் கணக்கு ஆரம்பிச்சுது. கப்பல்ல ரெண்டு பக்கத்துக்காரங்களும் கடைசி வரைக்கும் ரிமோட்டை அமுக்காம இருக்கறதை எத்தனை தடவை பாத்தாலும் தொண்டையை அடைக்குது. நம்ம டவுன்பஸ்ல அந்த ரிமோட்டைக் குடுத்திருந்தா அது யாரு கையில இருக்கறதுங்கற சண்டையிலயே விடிஞ்சிருக்கும், அதுவும் ஒரு வழிதான்.

இருந்தாலும் களத்துக்கு இது ஆகாதுன்னுதான் எனக்குப் பட்டுச்சு. சின்னதுக்கு ஆறு வயசு. பென்சிலை வெச்சு அந்த ஆளு பண்ற வித்தையையும், பாதி மூஞ்சி வெந்துபோன ஹார்வி டென்ட்டையும் பாத்துட்டு அது ராத்திரி தனியா ஒண்ணுக்குப் போகுமா? அப்பறம் படம் முழுக்க பேச்சு. தமிழ் டப்பிங்ல கேட்டாலும் அந்தப் பேச்சைத் தொடரோணும்னா முழுசா முழிச்சிருக்கோணும், மத்தியானம் சோறு தின்னுட்டு தை மாசப் பனியில போர்வைக்குள்ள உக்காந்திருக்கற கூட்டத்துக்கு அது முடியற காரியமா.

அயர்ன்மேன் 2 சீக்கிரம் முடியற சமாச்சாரம். லேத்தண்ணனுக்கு அதுல வர்ற இவான் வான்கோ மேல அப்படி ஒரு பாசம். மாஸ்கோல ஒரு குளுருப் புடிச்ச ரூம்புக்குள்ள ஒத்த ஆளா உக்காந்து, காயலான் கடைச் சாமானாட்டம் கெடக்கறதை வெச்சு, ஹீரோ டோனி ஸ்டார்க் நெஞ்சுல இருக்கற அதே ரியாக்டரைப் பத்த வெச்சு அடிச்சே செஞ்சர்றான். பல்லுல தங்கம், தோள்ல ஒரு வெள்ளைக் கிளி. ‘பட்டறைக்காரன்டா அவன், அவனுக்குக் கை பேசுது’ம்பாரு அண்ணன். ஜி.டி. நாயுடு ஓட்டல்ல சர்வரா வேலை பாத்துக் காசு சேத்து, வெள்ளைக்காரன்கிட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டியே மெக்கானிக் ஆன ஊருல பொறந்தவனுக்கு வான்கோ எப்படிப் பொய்யாத் தெரிவான்னு ஒரு கேள்வி வேற. ஹீரோவும் லேசுப்பட்டவன் இல்ல, ஊட்டுச் செவுத்தை ஒடைச்சு பைப்பை வளைச்சு ஓட்டி புதுசா ஒரு தனிமமே செஞ்சர்றான், பைப்பு லெவல் வல்லீன்னு அடியில ஒரு கேடயத்தைச் சொருகறான். அந்த எடத்துல அண்ணன் எந்திரிச்சே நின்னுட்டாரு, பேக்கிங் குடுக்கறான் பாருடான்னு. அந்தப் படம் வந்த அதே 2010ல ரஷ்யாவுல தூப்னாங்கற ஊர்ல 117ஆவது தனிமத்தைச் செஞ்சதா அறிவிச்சாங்க. எண்ணிப் பாத்தா விரல் விட்டு எண்ற அளவு அணு, கண்ணு சிமிட்டறதுக்குள்ள சிதைஞ்சும் போயிருச்சு. அதுக்கு வருசக்கணக்குல எத்தனை பேரு ஒழைச்சாங்க, இவரு ஒரே ராத்திரியில நெஞ்சுல மாட்டிக்கறாரு.

அது போய்த் தொலையட்டும், எனக்கு வருத்தம் வேற எடத்துலீங்க. இத்தனை கைத்திறமை இருக்கற வான்கோவைக் கொண்டு போயி ஹேமர்ங்கற ஒரு கோட்டுப் போட்ட ஆளோட கம்பெனியில வேலைக்கு வெச்சு, பாதிப் படம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க. கடைசிச் சண்டை சித்த நேரங்கூட இல்ல. மொனாக்கோவுல, அந்தக் கார் ரேஸ்ல ரெண்டு சாட்டையைச் சொழட்டிட்டு ரோட்டுல நடந்து வர்றானே, அவ்வளவுதான் அந்த மனுசனுக்குக் குடுத்த கூலி. நல்ல டைலரைக் கூட்டிட்டு வந்து நூல் வெட்ட உட்ட கதை. எனக்குப் பொக்குனு போயிருச்சு.

2.0வுக்கு ஒரு பெரிய பலம் இருக்குதுங்க, டப்பிங்கே வேண்டாம், அம்மிச்சி உட்பட அத்தனை பேருக்கும் புரியும். ரஜினிக்கு ரஜினி. வில்லனோட நாயமும் நாலு படத்துல இதுதான் பலமானது. பட்சிராஜன் பறவைகளுக்காக அலைஞ்சு மனு குடுத்து, ஒருத்தனும் காதுல வாங்காம, கடைசில செல்போன் டவர்லயே தூக்கு மாட்டிக்கறாரு. அந்தக் காட்சியில மாமன் கண்ணைத் தொடைச்சதை நானே பாத்தேன். ஆனா அதுக்கப்பறம் அவரோட ஆவியோ ஆராவோ ஊர்ல இருக்கற போனை எல்லாம் புடுங்கி ஒரு பெரிய பருந்தாப் பறக்குது. சேரிங்க, பறக்கட்டும், அதையெல்லாம் ஒத்துக்கலாம். நான் ஒத்துக்காதது வேற. குருவி போனதுக்கு டவருதான் காரணம்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு அறிவியல்ல ஆதாரம் இல்ல. எங்க ஊர்ல குருவி போனது டவரு வர்றதுக்கு முன்னாடி. அம்மிச்சி ஊடு ஓட்டு ஊடா இருந்தப்ப விட்டத்துல கூடு கட்டிட்டு சோத்துல குப்பை போடும், ஓட்டை எடுத்துட்டுக் காங்கிரீட் போட்டதும் அதுக்குக் கூடு கட்ட சந்து இல்ல, களத்துல கம்பு காயப் போடறதும் நின்னு போச்சு, அதுவும் போயிருச்சு. பட்சிராஜன் நெசமாவே எங்க பக்கம் வந்திருந்தா பல்லடம் உடுமலைப்பேட்டை பக்கம் வரிசையா நிக்கற காத்தாடிகளைப் பாத்துட்டு போனை மறந்தே போயிருப்பாரு.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகோணும். கொங்கு நாட்டுல ஒரு வில்லன் எந்திரிச்சு வரோணும்னா போனும் வேண்டாம் ஆவியும் வேண்டாம். சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணை இருக்குது, 1992ல பாசனத்துக்குன்னு கட்டுனது. மேல திருப்பூர்ச் சாயப்பட்டறைகள்ல இருந்து சாயத்தண்ணி வந்து தேங்கித் தேங்கி, கடைசில எங்க காட்டுக்கு இந்தத் தண்ணியை வுடாதீங்கன்னு வெவசாயிகளே சொல்ற நெலமை. அணை கட்டிக் குடுத்தும் தண்ணி வேண்டாம்னு சொன்ன ஊரு எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? 2011 சனவரில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டுச்சு, அப்பறம் சுத்திகரிச்சு ஒரு சொட்டு வெளிய வுடாம இருந்தாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. அந்த அணைக்குக் கீழ பத்து ஏக்கரு தென்னை வெச்சிருந்து அத்தனையும் பட்டுப்போனதைப் பாத்த ஒரு பெருசு ஒரு நா ராத்திரி வில்லனா எந்திரிச்சா, அவனை அடிக்க எந்த ஹீரோ வந்தாலும் நான் விசில் அடிக்க மாட்டேன். அந்தச் சாயத்துல நனைஞ்ச துணியைத் தச்சுத் தின்னவன் நானு. இந்தக் கதையை யாராச்சும் எடுத்தா அதைத்தான் களத்துல போடுவேன். எடுக்கற வரைக்கும் 2.0 பத்தாது, பசங்க டிவில பாத்துப் பாத்து ஒவ்வொரு சீனையும் முன்னாடியே சொல்லுதுக.

இப்ப என்ற படம். ஸ்பைடர்மேன் 2, 2004, சாம் ரைமி எடுத்தது. வில்லன் டாக்டர் ஆக்டோபஸ், ஆல்ஃப்ரெட் மொலினா. நல்ல விஞ்ஞானி, பொண்டாட்டி மேல பிரியம், சூரியன்ல நடக்கற அதே அணுச்சேர்க்கையை ஒரு ஹாலுக்குள்ள வெச்சுக் காட்டறேன்னு கெளம்பி, கணக்குத் தப்பிப் போயி, பொண்டாட்டி செத்து, வேலைக்காக முதுகுல மாட்டுன நாலு இரும்புக் கை நெரந்தரமா ஒட்டிக்குது. அதுக மூளையை ஆட்டிப் படைக்காம இருக்க பிடரியில ஒரு சிப்பு இருந்துச்சு, அதுவும் கருகிருச்சு. அதுக்கப்பறம் அவன் ஊரை அழிக்கோணும்னோ உலகத்தை ஆளோணும்னோ நெனைக்கறதே இல்லீங்க. நின்னுபோன மெஷினைத் திரும்ப ஓட்டோணும், அவ்வளவுதான். அதுக்குக் காசு வேணும், பேங்க்குக்குப் போறான். மெஷினுக்கு எரிபொருளா டிரிட்டியம் வேணும், அது வெச்சிருக்கறவன்கிட்டப் போறான். ஆத்தோரம் பாழடைஞ்ச ஷெட்டுல சாமானைக் கூட்டிச் சேத்து மறுபடியும் அதையே கட்டறான். அவன் ஷிப்ட்டுக் கணக்கு எனக்கு ஒத்துப்போகுது. ஆறு கையி, தூக்கம் கெடையாது, கூலி கேக்க லோடுமேனும் கெடையாது. ஆர்டர் கேன்சல் ஆனதுக்கப்பறமும் மனசு ஒப்பாம கடன் மேல கடன் வாங்கி பீஸை ஓட்டிட்டே இருந்த ஆளுகளை எங்க வீதியிலயே ரெண்டு மூணு பேரைத் தெரியும். அதுல ஒரு வருசம் நானும் இருந்தேன்.

லேத்தண்ணன் சும்மா வுடுவாரா. அணுச்சேர்க்கை கோளாறாச்சுன்னா அப்படிப் பெருசாகி ஊரை இழுக்காது, உள்ள சூடு கொறைஞ்சு அதுவா அணைஞ்சு போயிரும், அதை ஆத்துல முக்கி அணைக்க வேண்டிய வேலையே இல்லைன்னாரு. அது நெசந்தானுங்க. அதைப் பத்த வெச்சு எரிய வெக்கறதுக்கே படாதபாடு, 2022 டிசம்பர்லதான் கலிபோர்னியால ஒரு லேபுல, உள்ள போன லேசர் சக்தியை வுட எச்சா வெளிய எடுத்தாங்க. உள்ள 2.05 மெகாஜூல், வெளிய 3.15. ஆக, மெஷின் விசயத்துல படத்துக்கு பெயில் மார்க்கு, ஒத்துக்கறேன். நாலு கையும் காரைத் தூக்கறப்ப இடுப்பு என்னாகும்னாரு அடுத்து. அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு, தூக்கறப்ப பெரும்பாலும் கீழ் ரெண்டு கை தரையில ஊணிக்குது, பாரம் இடுப்புல மாட்டுன பட்டை வழியா எறங்கிருது, கிரேனுக்குக் காலு வெக்கற மாதிரிதான். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ‘சரி, பரவால்ல’ன்னாரு. அந்தக் கைக பாதி கம்ப்யூட்டர்ல பண்ணுனது, மீதி பொம்மலாட்டக்காரங்க பின்னாடி நின்னு குச்சி புடிச்சு ஆட்டுனது. அதனாலதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கற மாதிரித் தெரியுது. அந்த வருச விஷுவல் எபெக்ட்ஸ் ஆஸ்காரும் அதுக்குத்தான்.

அப்பறம் ரயிலு. இந்தப் படத்துல ஒரு சீனுக்காகவே படம் போடலாம்னா அது இதுதான். பிரேக் போன ரயிலை நம்மாளு முன்னாடி நின்னு நூல் வுட்டு நிறுத்தறான். மன்ஹாட்டன் நடு ஊருக்குள்ள அந்த மாதிரி மேல போற தண்டவாளமெல்லாம் இல்ல, சிகாகோல எடுத்து நியூயார்க்குன்னு காட்டறாங்க, அது கெடக்கட்டும். நூல் தாங்குமா? 2013ல இங்கிலாந்துல லெஸ்டர் யூனிவர்சிட்டில படிக்கற பசங்க கணக்குப் போட்டே பாத்துருக்காங்க. ரயிலை நிறுத்தக் கிட்டத்தட்ட 3 லட்சம் நியூட்டன் வேணும், நம்ம கணக்குல 30 டன் இழுவை. அதுக்கு அந்த நூலுக்கு எவ்வளவு வெறைப்பு இருக்கோணும்னு பாத்தா, நெசமான செலந்தி நூலுக்கு இருக்கற அளவுக்குள்ளயேதான் வருதாம்! இதைச் சொன்னதும் களத்துல ஒரே அமைதி. நூல் வந்தா ரெண்டு கையிலயும் சுத்தி வெடுக்குனு இழுத்துப் பாக்கற ஊருங்க எங்களுது, கோயமுத்தூர்ல சிட்ராங்கற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956ல இருந்து நூலை அறுத்து அறுத்து டெஸ்ட் பண்ணிட்டுருக்குது, எங்களுக்கு இது சினிமா இல்ல, லேப் ரிப்போர்ட்டு.

‘நூல் தாங்கும்டா, அதை ஒட்டுன செவுரு தாங்குமா?’ன்னாரு லேத்தண்ணன். அங்கதான் அவரை நான் புடிச்சேன். படத்துலயே மொத ரெண்டு நூல் ஒட்டுன செவுரு பேந்துட்டுத்தான் வருது! அதுக்கப்பறந்தான் ரெண்டு பக்கமும் பத்துப் பதினஞ்சுன்னு அடிச்சு பாரத்தைப் பிரிச்சு வுடறான். படம் எடுத்தவன் அண்ணனுக்கு முன்னாடியே அண்ணன் கேள்வியைக் கேட்டுட்டான். அவரு ஒண்ணும் பேசல, வெத்தலையை எடுத்துட்டாரு.

என்னைக் கேட்டா ரயிலை வுட எச்சா நம்பற சீன் ஒண்ணு இருக்குதுங்க. ஹீரோ துணி தொவைக்கப் போவான், அந்தச் செவப்பு நீல டிரஸ்ஸை வெள்ளைத் துணியோட சேத்து மெஷின்ல போட்டு, எடுத்துப் பாத்தா அத்தனையும் சாயம் எறங்கி நாறிப் போயிருக்கும். கலர் பிளீடிங்! திருப்பூர்க்காரன் அந்த எடத்துல எந்திரிச்சு நிக்காம என்ன பண்ணுவான்? எத்தனையோ சூப்பர்ஹீரோ படம் பாத்தாச்சு, வாஷ் டெஸ்ட்ல பெயிலான ஒரே ஹீரோ இவன்தான். இவனுக்கு ரூம் வாடகை பாக்கி, 29 நிமிஷத்துல பீட்சா குடுக்கோணும்ங்கற வேலையில லேட்டாப் போயி சீட்டுக் கிழியுது, வில்லனுக்கு நின்னுபோன மெஷினு. ரெண்டு பக்கமும் சோலிப் பாடு தெரிஞ்சவனுக. இப்படி ரெண்டு பேரைக் கண்ணுல காட்டீட்டா அப்பறம் அணுவைப் பத்தி என்ன வேணா பொய் சொல்லிக்கட்டும், நான் கேக்க மாட்டேன். வான்கோகிட்ட அந்தப் பாடு இருந்துச்சு, படம் அதைக் கண்டுக்கல. ஜோக்கர்கிட்ட அது சுத்தமா இல்ல, ஆனா அதைக் கேக்க வுடாம நடிப்பாலயே நம்மளைக் கட்டிப் போட்டுட்டான். அது லெட்ஜர் ஒருத்தருக்குத்தான் வாச்சுது. அவரைப் பாத்து மத்த வில்லன்களும் ‘எனக்குக் காரணமே வேண்டாம்’னு கெளம்பிட்டாங்க, அதுலதான் எரிச்சலு.

ஆக போன ஞாயித்துக்கெழமை போன்ல எல்லாரையும் புடிச்சு முடிவு பண்ணியாச்சு. களத்துல ஸ்பைடர்மேன் 2, தமிழ் டப்பிங், 2 மணி 7 நிமிஷம், ஏழு இருவதுக்கு ஆரம்பிச்சா ஒம்பதரைக்குள்ள முடியும், நடுவுல ஒப்புட்டு தின்னவும் டீக்கும் நேரம் இருக்குது. மாமன் ரஜினி இல்லீன்னு முறுக்கிட்டாரு, படத்துக்கு முன்னாடி ரெண்டு ரஜினி பாட்டுப் போடறோம்னு சொல்லி எறக்கியாச்சு. பத்துக்கு மேல பசங்க தூங்குனதும் முழிச்சிருக்கற பெருசுக ஊட்டுக்குள்ள டிவில டார்க் நைட் பாத்துக்கறது, அது மாமன் பையனுக்காக. லேத்தண்ணனுக்கு ஒண்ணுமில்ல, அவரு கோயமுத்தூர்ல இருந்து ஸ்பீக்கர் கொண்டு வர்றாரு, அதனால அவரை ரொம்பப் பகைச்சுக்கவும் முடியாது.

அன்னிக்கே மாமன் புள்ளை, எட்டாவது படிக்குது, அம்மிச்சி பக்கத்துல உக்காந்து கதையைச் சொல்லீருச்சாம். படம் பாக்கறதுக்கு முன்னாடியே கதை தெரிஞ்சாத்தான் அம்மிச்சிக்கு நிம்மதி. எல்லாத்தையும் கேட்டுட்டு, அணுவைப் பத்தியும் கேக்கல, ரயிலு எப்படி நின்னுச்சுன்னும் கேக்கல. ‘ஏங்கண்ணு, பொண்டாட்டி செத்துட்டான்னியே, அந்த எட்டுக் கையன் அவளுக்குப் பதினாறு கும்புட்டானா இல்லியா?’ன்னு கேட்டுதாம். இந்தப் புள்ளை எனக்குப் போன் அடிச்சுது. நானும் ரோசனை பண்ணிப் பாத்தேனுங்க. ஆத்தோரம் உக்காந்து சித்த நேரம் அவளை நெனைச்சு அழுவான், செத்துப் போயிரலாம்னு கூட நெனைப்பான், அப்பறம் அந்தக் கைக என்னமோ காதுல சொல்லும், எந்திரிச்சு வேலைக்குப் போயிருவான். பதினாறு கும்புட்டதாத் தெரியல. அப்படியே சொல்லச் சொன்னேன். அதுக்கு அம்மிச்சி, ‘அதான் அவனுக்கு அப்படி ஆயிருச்சு’ன்னு சொல்லீட்டு முறுக்கு சுட மாவு சலிக்கப் போயிருச்சாம்.